தேவ்லாலியில் பிறந்த சொல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம்.

உன் அலுவலகத்தில் ஒருவர், வேலைப்பளு தாளாமல் 'டூலாலி ஆகிவிட்டேன்' என்று சொன்னதாகவும், பொருள் விளங்காமலே நீயும் சிரித்துவைத்ததாகவும் ஞாயிறன்று தொலைபேசியில் சொன்னாய். புத்தி பேதலித்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆங்கிலேயரிடையே அது விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அச்சொல் பிறந்த ஊரை நான் பார்த்திருக்கிறேன். நாசிக் ரோடு நிலையத்திலிருந்து மும்பை நோக்கிப் போகும்போது அடுத்து வருகிற தேவ்லாலிதான் அது. இன்றும் அது ராணுவ ஊர்.

19-ஆம் நூற்றாண்டில் அங்கே பிரிட்டிஷ் படையினரின் இடைத்தங்கல் முகாம் இருந்தது. இந்தியாவில் பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள், ஊர் திரும்பக் கப்பலை எதிர்பார்த்து அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். படைக் கப்பல்களோ குளிர்காலத்தை ஒட்டிய சில மாதங்களில்தான் பம்பாயிலிருந்து புறப்பட்டன. ஆகவே அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பலில் இடம் கிடைக்காதவன், செய்ய வேலையுமின்றிப் போக வழியுமின்றி, கோடை வெயிலையும் அதன்பின் மழைக்காலத்தையும் அந்த முகாமிலேயே கழிக்க நேர்ந்தது. குடியில் விழுந்தவர்களும் நோயுற்றவர்களும் மனம் கலங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

முதலில் அச்சொல் 'டூலாலி டாப்' என்றே வழங்கியது. அந்த 'டாப்' ஆங்கிலச் சொல்லன்று. காய்ச்சலைக் குறிக்கும் 'தாப்'. மராத்தியர் இன்றும் காய்ச்சலை அப்படித்தான் சொல்கிறார்கள். நம் 'தாபம்' அதற்கு உறவு. தேவ்லாலிக் காய்ச்சல் என்பதுதான் நேர்ப்பொருள். காலப்போக்கில் பின்பாதி உதிர்ந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. அது ஒட்டியிருந்தவரை, அந்த மனிதர்களைப் பிடித்தது ஒரு நோய் என்ற நினைவாவது சொல்லுக்குள் இருந்தது.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அவர்கள் ஏங்கிய தாய்நாட்டுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயரான 'பிளைட்டி'யும் இங்கிருந்து போனதே. அயல்நாட்டுக்குரியது என்று பொருள்படும் இந்துஸ்தானியின் 'விலாயதி' அப்படித் திரிந்தது. முதல் உலகப் போரில், ஊருக்கு அனுப்பிவைக்கும் அளவுக்குப் பட்ட காயத்தையும் பிரிட்டிஷ் வீரர்கள் அதே பெயரால் அழைத்தார்கள். வீடு திரும்பும் ஏக்கம் காயத்தையே வரமாக எண்ணவைத்திருக்கிறது, அம்மா.

அந்த நண்பரிடம் இதைச் சொல்ல வாய்ப்பு நேர்ந்தால், 'தாப்' என்பதையும் சேர்த்தே சொல்.

அன்புடன்,
அப்பா