பாட்டி கைபேசிக்குப் பின்னால் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நானும் அவரும் குழந்தைகள் இருவரும் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் திகைக்கக்கூடும். அம்மா, அந்தப் பேச்சின்போது நான் உங்களுக்குக் காட்டுவது எங்கள் வீட்டின் ஒரேயொரு மூலையை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அழைப்பதற்கு அரை மணி நேரம் முன்பாகவே அந்த மூலையில் கிடக்கும் துணிக்குவியலை அள்ளி அடுத்த அறையில் போட்டு, பெரியவனுக்கு முகம் கழுவி, சின்னவளுக்குச் சட்டை மாற்றி, நானும் தலை வாரிக்கொண்டு வந்து உட்காருகிறேன். நீங்கள் பார்த்து நிறைவடைவது அந்தப் பதினைந்து நிமிடங்களைத்தான். மீதி நாட்களையும் நீங்கள் அறிய வேண்டும் என்று எனக்கு இப்போது ஆசை வந்திருக்கிறது. இருவரும் உறங்கிய பிறகு எழுதத் தொடங்கினேன்; இந்தப் பத்தியை முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்துபோய்ச் சின்னவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே இப்போது கடுங்குளிர். காலை எட்டு மணிக்கும் முழு வெளிச்சம் வருவதில்லை. மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குழந்தைகளை வெளியே கூட்டிச்செல்வதற்கு உள்சட்டை, கம்பளிச் சட்டை, காற்றுப் புகாத மேலங்கி, தொப்பி, கையுறை, காலுறை, முழங்கால் வரையிலான காலணி என்று ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். பெரியவனுக்கு மூன்றரை வயது. எதையும் தானேதான் செய்வேன் என்று நிற்கும் வயது. வலக்காலுக்குரிய காலணியை இடக்காலில் நுழைத்துக்கொண்டு பத்து நிமிடம் போராடுவான். நான் கை நீட்டிவிட்டால் போதும், அணிந்த அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். அதற்குள் இடுப்பில் இருக்கும் சின்னவள் கம்பளிக்குள் வியர்த்து அழ ஆரம்பித்துவிடுவாள். ஒருவழியாக எல்லாம் முடிந்து கதவைத் திறக்கும் நேரத்தில், "அம்மா, ஒண்ணுக்கு" என்பான்.

போன செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு காலையில் நான் அவனிடம் உரக்கக் கத்திவிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவன் அழவில்லை. தங்கையின் காலை மெல்லத் தடவிக்கொடுத்து, "பயப்படாதே பாப்பா, அம்மாவுக்குக் கோபம் போயிடும்" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே மன்னித்துவிட்டு, கையுறையில் கட்டைவிரலுக்கு உரிய இடத்தைத் தேடத் தொடங்கினான். அது சரியாக நுழைந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. எல்லாக் காலைகளிலும் அப்படித் தோன்றுவதில்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னவள் பிறந்தபோது உங்களால் வர இயலாமல் போனதைப் பற்றி நீங்கள் இன்றும் வருந்துவது எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தைக் கூட்டக்கூடாது என்றுதான் இத்தனை மாதங்கள் மறைத்து வைத்திருந்தேன். பச்சை உடம்போடு, மூன்று வயது நிரம்பாத ஒருவனையும் பிறந்த குழந்தையையும் பகல் முழுவதும் தனியாகப் பார்த்துக்கொண்டேன். அவர் வேலையிலிருந்து திரும்பும் வரை, "கொஞ்சம் பிடி" என்று குழந்தையைக் கொடுப்பதற்கு இன்னொரு கை இல்லை. மாலையானால் அவள் வீறிட்டு அழுவாள். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டு நடந்தாலும் நிற்காது. பிறந்த குழந்தையின் அழுகை ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்தை எட்டி, மூன்று நான்கு மாதங்களில் தானே குறைந்துவிடும், அதற்குத் தாயின் பிழை எதுவும் காரணமன்று என்று செவிலியர் பின்னர் விளக்கினார். அப்போது எனக்கு அது தெரியாது. என் கைகள்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரங்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உள்ளதுதான். எனக்கோ ஏழாவது வாரத்திலும் அது நிற்கவில்லை. குழந்தை உறங்கினாலும் எனக்கு உறக்கம் வரவில்லை. பெரியவன் ஏதேனும் சொல்லிச் சிரித்தால், அந்தச் சிரிப்பு எங்கோ தொலைவில் நடப்பதைப் போல இருந்தது. வீட்டுக்கு வந்த செவிலியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோவில் உருவாக்கப்பட்டு 1987 முதல் பல நாடுகளில் பயன்பட்டுவரும் பத்துக் கேள்விகள் அதில் இருந்தன; கடந்த ஏழு நாட்களில் என் மனம் எப்படி இருந்தது என்பதைக் குறிக்க வேண்டும். அந்தத் தாள் தமிழில் இருந்தது, அம்மா. மாதக்கணக்கில் அந்நிய எழுத்துகளையே பார்த்துவந்த கண்ணுக்கு, என் துயரத்தை என் மொழியிலேயே யாரோ கேட்டதைப் போல இருந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல் குறித்தேன். அதன் பிறகு நான்கு மாதங்கள், வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் சென்றுவந்தேன். உங்கள் மருமகனும் தம் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, மாலையில் சீக்கிரம் வரத் தொடங்கினார். இரவில் ஒருமுறை விழித்துப் பால் கொடுப்பதை மட்டும் எனக்கு விட்டுவிட்டு, மற்றதெல்லாம் அவர் பொறுப்பாயிற்று. இப்போது நான் நலமாக இருக்கிறேன். நலமான பிறகே இதை எழுதுகிறேன் என்பதை நம்புங்கள்.

நோய்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காப்பகத்திற்குச் செல்லும் சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு எட்டு முதல் பத்து முறை சளி பிடிப்பது இயல்புதான் என்றார் மருத்துவர். பெரியவன் அந்தக் கணக்கை நிறைவேற்றிக்கொண்டு, தங்கைக்கும் ஒவ்வொரு முறையும் தவறாமல் பங்கு கொடுத்துவருகிறான்.

நான் அதிகமாக எழுத விரும்பியது அவர்கள் பேச்சைப் பற்றித்தான். பெரியவன் காப்பகத்தில் சேர்ந்த முதல் நான்கு மாதங்கள் அங்கே ஒரு சொல்கூடப் பேசவில்லை. வீட்டில் மூச்சு விடாமல் பேசுபவன் அங்கே வாய் திறக்கவே இல்லை. அவனுக்குக் காது கேட்கிறதா என்றுகூட அங்கே ஒருவர் என்னிடம் கேட்டார். அன்று நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அழுதபடியே வீடு திரும்பினேன். பிறகு வந்து பார்த்த பேச்சுப் பயிற்சியாளர், வீட்டு மொழியோடு புதிய மொழிச் சூழலுக்குள் நுழையும் குழந்தைகள் சில வாரங்களோ மாதங்களோ மௌனமாகக் கேட்டுக்கொண்டே இருப்பதுண்டு என்றும், வீட்டில் தமிழை நிறுத்தும் எண்ணம் மட்டும் வேண்டாம் என்றும் உறுதியாகச் சொன்னார். ஐந்தாம் மாதம் அவன் பேசத் தொடங்கினான். பேசத் தொடங்கியதும் முழு வாக்கியமாகவே பேசினான். இப்போது என்னுடைய அச்சம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நான் தமிழில் கேட்டால், சில நேரம் அவன் காப்பகத்தில் பேசும் மொழியில் பதில் சொல்கிறான். மழையை "மயை" என்று அவன் மழலையில் சொல்லும்போது, இந்தச் சொல் இவன் வாயில் முதிர்ந்து மழையாகும் வரை இவனோடு இருக்குமா என்று மனம் பதைக்கிறது.

அந்தப் பயிற்சியாளர் சொன்ன இன்னொன்று என் உறக்கத்தையே கெடுத்துவிட்டது. பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையின் காது உலக மொழிகள் பலவற்றின் நுட்பமான ஒலிவேறுபாடுகளையும் பிரித்தறியுமாம். கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில் இந்தியின் இரு ஒலிகளை, நம் த, ட போன்றவற்றை, எளிதாகப் பிரித்தறிந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் பெரும்பாலோருக்கு அந்தத் திறன் மங்கிவிட்டது. தன்னைச் சுற்றிப் புழங்கும் ஒலிகளுக்காகக் காது தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. சின்னவளுக்கு இப்போது எட்டு மாதம், அம்மா. நான் பிறந்த வீட்டில் ஒரு குழந்தையின் காதில் பாட்டி, தாத்தா, அத்தை, சித்தி, வாசலில் நின்று பேசுவோர் என்று எத்தனை தொண்டைகளிலிருந்து அந்த ஒலிகள் விழுந்தன! இங்கே பகல் முழுவதும் அவளுக்குக் கிடைப்பது என்னுடைய ஒரு தொண்டைதான். சிறு வயதில் நான் வாயே திறப்பதில்லை என்று கடிந்துகொள்வீர்களே, இப்போது விடியலிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். டயப்பர் மாற்றும்போது பேசுகிறேன்; பாத்திரம் துலக்கும்போது இது கரண்டி, இது மூடி, இது வெந்நீர் என்று பேசுகிறேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "த்தா, த்தா" என்று தானும் ஏதோ சொல்கிறாள்.

நீங்கள் பாடி அனுப்பிய தாலாட்டை இருவருக்கும் இரவுதோறும் வைக்கிறேன். பாட்டின் நடுவில் அப்பா இரண்டு முறை இருமுவது பதிவாகியிருக்கிறது அல்லவா? பெரியவன் அந்த இடத்திற்காகக் கண்ணை மூடாமல் காத்திருக்கிறான். ஒருநாள் கைபேசியில் மின்னேற்றம் இல்லாததால் அதே பாட்டை நானே பாடினேன். அந்த அடி வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "தாத்தா இருமல் எங்கே?" என்று கேட்டான். நான் இருமிக் காட்டிய பிறகுதான் படுத்தான்.

ஆனால் பதிவு மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. 2003இல் பாட்ரிசியா கூல் என்பவர் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு முறை விளையாடியும் கதை படித்தும் காட்டினர். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் தொலைக்காட்சியிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளுக்கு அது கைவரவில்லை. பதிவு பாடும், ஆனால் குழந்தை கைகாட்டும் பொருளைத் திரும்பிப் பார்க்காது. அதேவேளை, இரண்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியான வேறோர் ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. முகம் பார்க்கும் அழைப்பில், மறுமுனையில் இருப்பவர் குழந்தைக்கு உடனுக்குடன் மறுமொழி சொன்னால், அவர்கள் புதுச்சொற்களை நேரில் கற்பதைப் போலவே கற்றுக்கொண்டார்களாம்.

போன ஞாயிறு நீங்கள் பேசி முடித்த பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. திரை இருண்டதும் சின்னவள் தவழ்ந்துவந்து கைபேசியைப் பிடித்துத் திருப்பி, அதன் பின்புறத்தைப் பார்த்தாள். மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை, எங்கோ இருக்கிறது என்று குழந்தை உணரத் தொடங்குவது இந்த எட்டு மாத வயதில்தான் என்று சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே கண்டு சொன்னார். நான் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போனாலும் அவள் இப்போது அழுவதற்கும் அதுவே காரணம். நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அம்மா. எங்கே என்றுதான் தெரியவில்லை. கைபேசிக்குப் பின்னாலும், தலையணைக்கு அடியிலும், என் மடியிலும் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு மட்டும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து நலம் விசாரிக்கும் அழைப்பு இருக்கட்டும். மற்ற நாட்களில், நீங்கள் துணி மடிக்க உட்காரும்போது கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எங்களை அழையுங்கள். தனியாக எதுவும் பேச வேண்டியதில்லை. அப்பா உள்ளே வந்தால் இருமட்டும். சின்னவள் "த்தா" என்றால் நீங்களும் ஒரு "த்தா" சொல்லுங்கள். பெரியவன் எதையாவது தூக்கிக் காட்டினால் அது என்னவென்று கேளுங்கள். நானும் இனி அந்த மூலையை ஒதுக்கிவைக்கப்போவதில்லை. இந்தப் பக்கத்துத் துணிக்குவியலும் மடிக்கப்படாமல்தான் கிடக்கிறது. நீங்கள் அங்கே மடியுங்கள், நான் இங்கே மடிக்கிறேன்.

சின்னவள் மறுபடியும் விழித்துவிட்டாள். அப்பாவிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்