ஞாயிறு கிளம்புகிறேன், அதற்குள் ஒரு விஷயம்

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் நீ வீடியோ கால் செய்தபோது நான் சரியாகவே பேசவில்லை, பாதியில் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். அம்மாவுக்கு என்மேல் ஏதாவது கோபமா என்று நீ அவரிடம் கேட்டிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. குரல் இல்லை, அவ்வளவுதான். போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். எழுத்துக்குத் தொண்டை வேண்டாமே.

ஆண்டு விழா வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை எனக்கு விமானம். நடுவில் இருக்கிற சனிக்கிழமைதான் பெட்டி கட்டுவதற்கு. இதற்கு நடுவில் பரீட்சைத் தாள் வேறு, சங்கீதத்துக்கு என்ன பரீட்சை என்று எல்லோரும் கேட்பார்கள், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பாடவிட்டுக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும், ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிஷம் என்றாலும் நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு இரண்டு மணி நேரம், எனக்கு அப்படிப் பதினோரு வகுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் முடித்துவிட்டேன், நேற்றோடு.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஆறாவது ஏழாவது படிக்கும்போது சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் பேசவே மாட்டேன். பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவேன். நீ பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஓடி வருவாய், நான் தலையை மட்டும் ஆட்டுவேன், நீ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாய். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி நீ சொன்னாய், “நீ தினமும் என்மேல கோபமா இருக்கேன்னே நான் நினைச்சிட்டிருந்தேம்மா.” அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். கண்ணம்மா, அது கோபம் இல்லை. ஆறு பீரியட் பாடிவிட்டு வந்த தொண்டை அது. அதை அப்போதே உன்னிடம் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பத்து வயசுப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம்தான் அது, எனக்குத்தான் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது ஏன் இதை இழுக்கிறேன் என்றால், அதே மாதிரி இன்னொரு குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதே மாதிரித் தொண்டையோடு வருகிறேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயிருந்தேன். மெல்லிய கேமராவை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். இத்தனை வருஷமாக நான் பிழைக்கிற பிழைப்பு அந்த இரண்டு சின்ன மடிப்புகளில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஓரம் சிவந்து வீங்கியிருக்கிறது. முடிச்சு எதுவும் விழவில்லை, இப்படியே போனால் விழும் என்றார். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் ஒரு நொடிக்கு 200 தடவை பக்கம் ஒன்றோடொன்று மோதுமாம். பாடும்போது மேல் ஸ்தாயியில் அது இன்னும் இரண்டு மடங்கு. ஒரு நாள் முழுக்கக் கைதட்டினால் உள்ளங்கை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது ரகசியக் குரல் விஷயம். தொண்டை கட்டினால் நாமெல்லாம் குசுகுசுவென்று பேசுவோம் இல்லையா, அது ஓய்வு இல்லையாம், பலருக்கு அதில்தான் தொண்டை இன்னும் இறுகுமாம். மெதுவாகச் சாதாரணக் குரலில் நாலு வார்த்தை பேசுவது மேல், பேசாமலே இருப்பது அதைவிட மேல். அப்புறம் அடிக்கடி கனைத்துக்கொள்வதும் கூடாது, அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர். நான் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் கனைத்துவிட்டுத்தான் தொடங்குவேன், பிள்ளைகள்கூட என்னை மாதிரியே கனைப்பார்கள்.

பாடுவதால் மட்டும் இது வரவில்லை, நன்றாகப் பழகிய குரலில் ஒழுங்காகப் பாடினால் இவ்வளவு கெடாது. கெடுப்பது கத்துவதுதான். நாற்பது பேர் ஒரே அறையில், பக்கத்தில் விளையாட்டு மைதானம், மேலே மின்விசிறி. சத்தம் கூடக் கூட நமக்குத் தெரியாமலே நம் குரலும் ஏறும். 1911இல் லொம்பார்ட் என்கிற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், இன்றைக்கும் அவர் பேரில்தான் அதைச் சொல்கிறார்கள். நானே வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். கத்துவதை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நிமிஷத்தில் முன்வரிசை கூடத் தட்டத் தொடங்கிவிட்டது, மூன்றாவது ஆவர்த்தனத்தில் வகுப்பு முழுக்க என் கையில். இருபத்தாறு வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டேன் இதை.

இன்னொன்று, பிள்ளைகளுக்கு வசதியான ஸ்ருதியில்தான் நான் பாட வேண்டும், எனக்கு வசதியானதில் இல்லை. முதல் வகுப்புக்கு ஒரு ஸ்ருதி, எட்டாம் வகுப்புக்கு வேறு. அடுத்தடுத்த பீரியடில் மாறி மாறி. எட்டாம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடைகிற வயசு. ஒருவன் இருக்கிறான், போன வருஷம் வரை முன்னால் நின்று பாடியவன், இந்த வருஷம் பின்வரிசைக்குப் போய்விட்டான். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், “பாட்டு போயிடுச்சு மிஸ்” என்றான். குரல்வளை வளர்கிறதுடா, நாண் நீளமாகித் தடிக்கிறது, அதனால் குரல் ஒரு ஸ்தாயி கிட்ட இறங்கும், எல்லாப் பையன்களுக்கும் நடப்பதுதான், பாட்டு எங்கேயும் போகவில்லை, கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லி, அவனுக்காகவே ஸ்ருதியைக் குறைத்து நாலே ஸ்வரத்தில் ஒரு வரி போட்டுக் கொடுத்தேன். ஸ, ரி, க, ம, அதற்கு மேல் போகவே வேண்டாம். மூன்றாவது தடவை சத்தமாகப் பாடினான், பாடிவிட்டுக் கழுத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை மேடையில் அந்த வரியை அவன்தான் பாடப் போகிறான்.

வேலையை விட்டுவிடும்மா என்று நீ மூன்று தடவை சொல்லிவிட்டாய். அக்கறையில் சொல்கிறாய் என்று தெரியும். ஆனால் அந்தப் பையன் கழுத்தைத் தொட்டுப் பார்த்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் கவனித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. களைப்பு நிஜம். சலிப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில், பரீட்சை நெருங்கினால் என் பீரியடைத்தான் முதலில் கேட்பார்கள். போர்ஷன் முடியவில்லை, இன்றைக்கு மட்டும் கொடுங்கள் என்று. கொடுத்துவிடுவேன். அப்புறம் விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஐந்து பாட்டு தயாரா என்று அவர்களே கேட்பார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று வாங்கித் தரச் சொல்லி இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்தேன், இப்போதுதான் வந்திருக்கிறது. அது வந்ததிலிருந்து பாதி கத்தல் குறைந்துவிட்டது. திரும்பி வந்த பிறகு வாரத்தில் நாலு வகுப்பைக் குறைத்துத் தருவதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தில் வாங்கிவிட்டேன், அதனால் நீ கவலைப்படாதே.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்குமாம், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுமாம். என் தொண்டைக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. அதனால் வழி முழுக்கத் தண்ணீரும் முகக்கவசமும்தான், முகக்கவசம் போட்டால் நம் மூச்சின் ஈரமே நமக்குத் திரும்பக் கிடைக்கும். பக்கத்து இருக்கையில் யார் இருந்தாலும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இரைச்சலில் பேசினால் எல்லாம் போச்சு.

உன் பழைய அரை அளவு வயலினை எடுத்து வரலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய். குட்டியை நேராக நிற்கவைத்து இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரைக்கும் அளந்து அனுப்பு. 20 அங்குலம் பக்கம் இருந்தால் சரியாக இருக்கும், ரொம்பக் குறைவாக இருந்தால் வேண்டாம், பெரிய வயலினைக் கொடுத்தால் குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கப் பழகிவிடும், பிறகு அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தந்தியைக் கொஞ்சம் மட்டும் தளர்த்திக் கையோடு கொண்டு வருகிறேன். முழுக்கத் தளர்த்தினால் தந்தியைத் தாங்குகிற குதிரை சாய்ந்துவிடும், உள்ளே நிற்கிற சின்னக் குச்சியும் விழுந்துவிடும், அது பசையில் ஒட்டியது இல்லை, பலகைகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நீ ஒருதரம் எல்லாத் தந்தியையும் கழற்றிவிட்டு அந்தக் குச்சி உள்ளே உருள்கிற சத்தம் கேட்டு அழுதாயே, அந்த வயலின்தான்.

இப்போது நான் உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். முதல் ஒரு வாரம் என்னைப் பாடச் சொல்லாதே. உன் தோழிகள் வந்தால் எங்க அம்மா பாடுவாங்க என்று சொல்லி வைக்காதே, அவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், எனக்கு மறுக்க வராது, பாடிவிடுவேன். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, அவர் எதையாவது கேட்டு நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் அவர் மனசில் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர் சுற்றிப் பார்க்க டிக்கெட் எதுவும் முதல் வாரத்துக்குப் போடாதே. நான் தூங்குவேன், உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நீ பேசு. எத்தனை வருஷக் கதை பாக்கி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கினாலும் சரி, எழுந்து போகாமல் முழுக்கக் கேட்கிறேன்.

குட்டியிடம் நான் வருவதற்கு முன்பே நீ சொல்லிவிட வேண்டும். பாட்டிக்குத் தொண்டையில் காயம், அது ஆறும்வரை அதிகம் பேச மாட்டாள், உன்மேல் கோபம் இல்லை. இதே வார்த்தையில் சொல். கடைசியில் இருக்கிற அந்த மூன்று வார்த்தையை மட்டும் இரண்டு தடவை சொல்.

அவளுக்கு என் சுருதிக் கவையை, அதுதான் அந்த டியூனிங் ஃபோர்க்கை, கொண்டு வருகிறேன், என் குரு கொடுத்தது, நொடிக்கு 440 அதிர்வு. அதை முழங்காலில் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தால் மெல்லிசாகக் கேட்கும், காம்பை மேஜையில் ஊன்றினால் மேஜையே பாடும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தட்டிய கையோடு நுனியைத் தண்ணீரில் தொட்டால் சுற்றிலும் துளி தெறிக்கும். என் முதல் வகுப்புப் பிள்ளைகள் இதற்காகவே வரிசையில் நிற்பார்கள், முகத்தில் தெறித்தால் இன்னும் சந்தோஷம். அவளும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மத்தியானம் முழுக்க இதை வைத்துப் பார்த்துக்கொள்வோம். தரை நனையும், நீ திட்டாதே.

விமானம் நடுராத்திரியில் வருகிறது, குட்டியை எழுப்பிக் கூட்டி வர வேண்டாம். நீ மட்டும் வா. வெளியே வரும்போது நான் கூப்பிட மாட்டேன், கையை உயர்த்திக் காட்டுகிறேன், அந்தப் பச்சைச் சால்வைதான் போர்த்தியிருப்பேன், பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா

கை அளவை மறக்காமல் சனிக்கிழமைக்குள் அனுப்பு. அதற்கப்புறம் பெட்டியைத் திறக்க மாட்டேன்.