இசுமோ கோயிலின் உயரம்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா என்ற வழக்கமான பாதையை விட்டுவிட்டு ஷிமானே மாகாணத்தில் இருக்கும் இசுமோ தாய்ஷா என்ற இசுமோ கோயில் வரை போய் எழுதியதற்கே கட்டுரையாளரைப் பாராட்டலாம். ஒகாயாமாவிலிருந்து மலைகளுக்கு நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டும். போகிற போக்கில் எட்டிப் பார்க்கிற ஊர் இல்லை. ஒசாகாவில் வேலை பார்க்கும் மகளிடம் போயிருந்தபோது நானும் அங்கே போய் வந்தேன். கட்டுமானத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கோயிலைக் கும்பிட்ட நேரத்தைவிட அதன் தூண்களைப் பற்றிப் படித்த நேரம் எனக்கு அதிகம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

பழைய இசுமோ கோயில் 48 மீட்டர் உயரம் இருந்தது என்றும், 2000ஆம் ஆண்டில் மண்ணுக்கடியில் கிடைத்த தூண்கள் அதை நிரூபித்துவிட்டன என்றும் கட்டுரை சொல்கிறது. நிரூபிக்கவில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்று நாம் பார்க்கும் மூலக்கோயில் 1744இல் கட்டியது. உயரம் 24 மீட்டர். ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிந்தோவின் கோயிலுக்கு இதுவே பெரிய உயரம்தான். ஆனால் ஒரு காலத்தில் இதைப் போல் இரண்டு மடங்கு இருந்தது, அதற்கும் முன்னால் நான்கு மடங்கு இருந்தது என்று கோயில் மரபு சொல்கிறது. புராணமும் அதற்குத் துணை. ஓகுநினுஷி என்ற தெய்வம் தன் நாட்டைச் சூரிய தேவி அமதெராசுவின் வம்சத்துக்கு விட்டுக்கொடுக்கிறார். அதற்குப் பதிலாக அவர் கேட்டது, பாறையில் ஊன்றிய பருத்த தூண்களும் வானத்தைத் தொடும் கூரையும் கொண்ட ஒரு வீடு. கி.பி. 712இல் தொகுத்த கொஜிக்கி என்ற பழைய புராண நூல் இதைச் சொல்கிறது. நாட்டை இழந்தவருக்குத்தான் எல்லோரையும்விட உயரமான வீடு கிடைத்திருக்கிறது!

சரி, 48 மீட்டர் எங்கிருந்து வந்தது? கி.பி. 970இல் சிறுவர்களுக்காக எழுதிய ஒரு பாடநூலில் நாட்டின் பெரிய கட்டடங்களைச் சொல்லும் வரி ஒன்று உண்டு: இசுமோ மூத்தவன், யமாத்தோ இரண்டாமவன், கியோத்தோ மூன்றாமவன். யமாத்தோ என்றது நாரா நகரின் தோதாய்ஜி என்ற பௌத்தக் கோயிலில் பெரிய புத்தர் இருக்கும் மண்டபம். அது அப்போது சுமார் 45 மீட்டர். அப்படியானால் அதற்கு மூத்தவன் 48 இருக்கத்தானே வேண்டும் என்பது வாதம். மறுப்பவர்கள் வேறு மாதிரி படிக்கிறார்கள். முதலில் தெய்வத்தின் கோயில், அடுத்து புத்தரின் மண்டபம், மூன்றாவது அரசரின் மாளிகை. இது மரியாதை வரிசை, உயர வரிசை இல்லை என்கிறார்கள். எனக்கு இரண்டாவது வாதம் வலுவாகவே படுகிறது.

இன்னொரு சான்று, கோயிலின் தலைமைப் பூசாரிகளான செங்கே குடும்பத்தார் பாதுகாத்து வரும் ஒரு பழைய வரைபடம். ஒன்பது தூண்களும் பெரிய வட்டங்களாக வரையப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மூன்று சிறிய வட்டங்கள். அதாவது மூன்று மரங்களை இரும்புப் பட்டையால் இறுக்கி ஒரே தூணாக நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் ஏறிப் போகும் படிக்கட்டின் நீளம் 100 மீட்டருக்கும் மேல். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோத்தோஓரி நொரினாகா இதைத் தன் நூலில் எடுத்துப் போட்ட பிறகும் நம்பாதவர்கள் இருந்தார்கள்.

2000இல் கோயில் வளாகத்தில் தோண்டியபோது, மூன்று மூன்றாகச் சேர்ந்த சுகி (ஜப்பானிய ஊசியிலை மரம்) மர அடிப்பகுதிகள், கரும்பைச் சேர்த்துக் கட்டி நட்டது போல, வெளியே வந்தன. ஒரு கட்டின் குறுக்களவு சுமார் 3 மீட்டர். சுற்றிலும் குழி நிறையப் பெரிய கற்கள். வரைபடம் கற்பனை இல்லை என்பது அன்றைக்கு உறுதியானது. ஆனால் அந்த மரங்கள் 1248இல் கட்டிய கோயிலைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. பாடநூல் வரிக்கு ஏறக்குறைய 280 ஆண்டுகள் பிந்தியவை. அதோடு, தூணின் தடிமன் தெரிந்ததால் உயரம் தெரிந்துவிடாது. தேவையான தடிமனில் ஒற்றை மரம் கிடைக்காமல் சேர்த்துக் கட்டியிருக்கலாம். கனமான கூரையைத் தாங்கவும் கட்டியிருக்கலாம்.

48 மீட்டரில் கட்டவே முடியாது என்றும் நான் சொல்ல வரவில்லை. 1980களின் இறுதியில் ஒபயாஷி கட்டுமான நிறுவனத்தின் பொறியாளர்கள் கணக்குப் போட்டு, முடியும் என்று காட்டினார்கள். 11ஆம் நூற்றாண்டிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வரை கோயில் பல தடவை சாய்ந்ததாகப் பழைய ஆவணங்கள் சொல்வதும் உயரமானது என்ற கட்சிக்குச் சாதகம்தான். ஆனால் அடியில் பீடக்கல் இல்லாமல் மண்ணில் ஊன்றிய மரம் இற்றுப்போகும், அதனாலும் சாய்ந்திருக்கலாம் என்பதையும் அப்போது நினைக்க வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே 2007இல் திறந்த மாகாண அருங்காட்சியகத்தைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. எனக்கு அதுதான் வருத்தம். தோண்டி எடுத்த தூண் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, 1248இன் கோயில் எப்படி இருந்திருக்கும் என்று ஐந்து அறிஞர்கள் தனித்தனியே யோசித்துச் சொன்னதை ஐந்து மாதிரிகளாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது. ஒன்று ஓங்கி நிற்கிறது, ஒன்று அடக்கமாக இருக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் நம் பார்வைக்கே விட்டுவிட்டார்கள். ஊருக்கே பெருமை தரும் கதையில் சந்தேகத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே!

அப்புறம் இரண்டு சின்ன விஷயங்கள். கட்டுரையோடு வந்த படத்தில் இருக்கும் பிரம்மாண்டமான வைக்கோல் கயிறு மூலக்கோயிலில் தொங்குவது இல்லை. அது கொஞ்சம் தள்ளி இருக்கும் ககுரா (சடங்கு நடன) மண்டபத்தில் இருக்கிறது. 13 மீட்டருக்கும் மேல் நீளம், 5 டன்னுக்கும் மேல் எடை. இன்னொன்று, ஜப்பானின் இன்னொரு பெரிய ஷிந்தோ கோயிலான இசே கோயிலைப் போல இதையும் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை இடித்துக் கட்டுவதாகக் கட்டுரையில் இருக்கிறது. இசுமோவில் அந்த வழக்கம் இல்லை. 1744இன் கட்டடமே நிற்கிறது. 1809, 1881, 1953, 2013 என்று நீண்ட இடைவெளி விட்டுக் கூரையைப் பிரித்து வேய்ந்து பழுது பார்த்திருக்கிறார்கள். 2013இல் இசேயின் புதுக்கட்டுமானமும் சேர்ந்து வந்ததால் குழப்பம் வந்திருக்கலாம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பு போட்டால் நல்லது. போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். பிறகு கோயிலுக்குப் போனால், எட்டுக்கால் வாசலுக்கு முன்னால் தரையில் மூன்று மூன்றாகப் பதித்திருக்கும் வட்டங்கள் தூண் கிடைத்த இடம் என்பது புரியும். அங்கே இரண்டு முறை வணங்கி, நான்கு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்க வேண்டும். மற்ற ஊர்களில் கைதட்டல் பெரும்பாலும் இரண்டுதான். மதியச் சாப்பாட்டுக்கு அடுக்குக் கிண்ணங்களில் தரும் இசுமோ சோபா என்ற நூடுல்ஸைக் கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிறார், நியாயம்தான். சைவக்காரர்கள் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள், ஊற்றிக்கொள்ளும் சாற்றில் பொதுவாக மீன் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி