டிசம்பர் 23 வகுப்பறைக் கிறிஸ்துமஸ்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23 காலையோடு முடிகிறது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, ஐந்து வகுப்புகளிலும் கிறிஸ்துமஸ் விழா. மறுநாளிலிருந்து விடுமுறை. இந்த வருடம் விழாவை நிறையவே மாற்றியிருக்கிறோம். என்ன மாற்றம், ஏன் என்று நீங்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல ‘கிறிஸ்மா’ சீட்டுக் குலுக்கினோம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு 50 ரூபாய்க்குள் ஒரு பரிசு வாங்கி வர வேண்டும் என்று விதி வைத்தோம். விழா அன்று ஒரு பையனுக்கு ரிமோட் கார் வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும். அந்தப் பென்சிலைக் கொண்டுவந்த பிள்ளை, பரிசைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். புயல் எச்சரிக்கையால் அந்த வாரம் முழுக்க அவள் அப்பா கடலுக்குப் போகவில்லை. பழைய காலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் முழுக்க நட்சத்திரம் வரைந்து, அதில்தான் பென்சிலைச் சுற்றியிருந்தாள். அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டார்கள். அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 50 ரூபாய் விதியைப் போட்டது நான். 50 ரூபாய் எல்லா வீட்டிலும் ஒரே 50 ரூபாய் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் இந்த வருடம் வாங்கிய பரிசு எதுவும் கிடையாது. சீட்டு உண்டு. டிசம்பர் 8 அன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் வரும். அந்தப் பிள்ளையை இரண்டு வாரம் கவனித்துப் பார்த்து, தான் கண்ணால் கண்ட மூன்று விஷயங்களை ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டும். ‘நல்லவன்’, ‘அழகாக இருப்பாள்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. எப்போது, என்ன செய்தான் என்று எழுத வேண்டும். போன மாதம் நாலாம் வகுப்பில் இதைச் சோதித்துப் பார்த்தோம். கணக்கில் மெதுவாகப் போகும் ஒரு பையன் தன் பக்கத்து நண்பனைப் பற்றி எழுதியது இது: ‘அவன் முதலிலேயே முடித்துவிடுவான். ஆனால் நான் முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்ப மாட்டான்.’ நாங்கள் தினமும் அந்த வகுப்புக்குப் போகிறோம், எங்களில் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை. கட்டுரைப் பயிற்சியாகப் பத்துத் தலைப்பு கொடுத்தாலும் இப்படி ஒரு வாக்கியம் வராது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படமாக வரைவார்கள், அவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதுவார். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அட்டையை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ‘ர’வும் ‘ற’வும் மாறிக் கிடந்தால் அப்படியே கிடக்கட்டும். அதை ஜனவரியில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்து இரண்டாம் வகுப்பு. குடில் வைக்கும் பொறுப்பு இந்த வருடம் அவர்களுடையது. குடிலில் பச்சைப் புல்லுக்காகக் கம்போ கேழ்வரகோ விதைப்பது நம் பக்கத்து வீடுகளில் பழக்கம்தான். அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். டிசம்பர் 12 அன்று ஒவ்வொருவரும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண்ணும் தொழுவுரமும் நிரப்பி, ஒரு பிடி கம்பு தூவுவார்கள். சிரட்டையின் மேல் பெயர். தினமும் காலையில் ஸ்கேல் வைத்து அளந்து, சுவரில் ஒட்டிய தாளில் அன்றைய உயரத்தைக் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுவார்கள். வரைபடம் என்ற சொல்லைச் சொல்லாமலே வரைபடம் போடப் பழகிவிடுவார்கள். ஒரே ஒரு சிரட்டையை மட்டும் அலமாரிக்குள் பூட்டி வைப்போம். அதற்கும் தினமும் தண்ணீர் உண்டு. வெளியே இருப்பது பச்சையாகக் குட்டையாக நிற்கும்போது, உள்ளே இருப்பது வெளுத்துப் போய், வெளிச்சத்தைத் தேடி நீளமாக வளர்ந்து சாய்ந்து கிடக்கும். ஏன் என்று உங்கள் பிள்ளை வீட்டில் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாமல், ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

குடில் எங்கிருந்து வந்தது என்ற கதையையும் அவர்களுக்குச் சொல்லப்போகிறோம். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில், அசிசி நகரத்துப் பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, இயேசு பிறந்த இரவை ஊர்க்காரர்கள் கண்ணால் பார்க்கும்படி செய்தார். அதன் வழியில் வந்ததுதான் நாம் வைக்கும் குடில். எட்டு நூற்றாண்டு ஓடிவிட்டது.

பிள்ளைகள் களிமண்ணில் செய்யப்போகும் குடில் விலங்குகளை வைத்தே தமிழ்ப் பாடமும் நடக்கும். ஆட்டுக்கு ஆட்டுக்குட்டி, பசுவுக்குக் கன்று, கழுதைக்குக் கழுதைக்குட்டி. சரி, ஞானிகள் ஏறி வரும் ஒட்டகத்துக்கு? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள் என்று நாங்களும் தேடினோம். தொல்காப்பியத்தின் மரபியலிலேயே விடை இருக்கிறது, ஒட்டகத்துக்கும் ‘கன்று’ என்ற பெயர் வரும் என்று. பாலைவனத்து விலங்கின் குட்டிக்கும் தமிழ் அன்றைக்கே பெயர் வைத்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு நட்சத்திரம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரம் இல்லை, ஈர்க்கில் கட்டும் நட்சத்திரம். தென்னை ஈர்க்கு ஐந்து, ஒவ்வொன்றும் சரியாக ஓர் அடி. அளவு கால் அங்குலம் பிசகினாலும் நட்சத்திரம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், அதனால் அளப்பதில்தான் பாதி நேரம் போகும். ஐந்தையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நுனி சேரும் ஐந்து இடத்திலும், நடுவில் ஒன்றையொன்று தாண்டும் ஐந்து இடத்திலும் நூலால் முடிச்சுப் போட வேண்டும். மொத்தம் பத்து முடிச்சு. கட்டி முடித்ததும் கேள்வி: இதில் எத்தனை முக்கோணம்? எல்லாரும் ஐந்து என்பார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் பெரிய முக்கோணம் ஐந்து தனியாகத் தெரியும், ஆகப் பத்து. நடுவில் ஓர் ஐங்கோணம். பென்சிலால் வரைந்த படத்தில் குழம்பும் பிள்ளை, கையில் பிடித்த நட்சத்திரத்தை விரலால் தடவி எண்ணிவிடும். ஈர்க்கின் கூர்முனைகளை முன்னாலேயே ஆசிரியை நறுக்கி வைப்பார், கண்ணில் பட்டுவிடக் கூடாது.

அதன் மேல் ஒட்ட வண்ணத்தாளும் மைதாப் பசையும் பள்ளியிலேயே தயார் செய்கிறோம். வீட்டிலிருந்து பசை கொடுத்து அனுப்ப வேண்டாம். போஸ்டர் ஒட்டும் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு, அது விஷம். பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். தெர்மகோலும் ஜிகினாத் தூளும் இந்த வருடம் எந்த வகுப்பிலும் கிடையாது.

நாலாம் வகுப்பு உலக வரைபடத்தோடு உட்காரும். நம் ஊரில் மழையும் வாடையுமாக இருக்கும்போது ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் கோடைக்காலத்தில் வருகிறது. எத்தியோப்பியாவிலும் ரஷ்யாவிலும் ஜனவரி 7. பழைய ஜூலியன் நாட்காட்டி இப்போது நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியிருப்பதால் ரஷ்யாவின் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7 ஆகிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலஸ் பனி நாட்டுக்காரர் இல்லை, இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா ஊரின் ஆயர், நாலாம் நூற்றாண்டுக்காரர். இலங்கைத் தமிழர் கிறிஸ்துமஸை ‘நத்தார்’ என்கிறார்களே, அது ‘நத்தால்’ என்ற போர்ச்சுகீசியச் சொல். அதே மொழியிலிருந்து வந்து நம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவை ஜன்னல், மேசை, அலமாரி, சாவி. போர்ச்சுகீசியர் வந்து இறங்கிய முத்துக்குளித்துறைக் கரையில் இருக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்புக்குள் அந்தப் பொருள்களில் சீட்டு ஒட்டும் விளையாட்டு இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பிடம் பணத்தைக் கொடுக்கிறோம். பள்ளியில் 118 பிள்ளைகள். தலைக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 2,950 ரூபாய். இதை ஆசிரியர்களும் நிர்வாகமும் பகிர்ந்துகொள்கிறோம், உங்களிடம் வசூல் கிடையாது. அந்தத் தொகைக்குள் சிற்றுண்டியை முடிவு செய்வது, மூன்று கடையில் விலை விசாரிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் ஐந்தாம் வகுப்பின் வேலை. இப்போதைக்கு அவர்கள் தீர்மானித்திருப்பது கொண்டைக்கடலைச் சுண்டல், ஆளுக்கு ஓர் அச்சு முறுக்கு, முட்டை சேர்க்காத சின்னக் கேக், எலுமிச்சைச் சாறு. ஒரு டம்ளருக்கு 100 மில்லி என்றால் 118 பேருக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு பெண் கரும்பலகையில் 118 லிட்டர் என்று எழுதினாள். ‘அவ்வளவு சாற்றுக்கு அண்டா எங்கே டீச்சர்?’ என்று அவளே திரும்பிக் கேட்டு, அவளே அழித்து 11.8 என்று திருத்தினாள். தசமப் புள்ளி எங்கே வர வேண்டும் என்பது இனி அவளுக்கு மறக்காது.

தட்டும் டம்ளரும் சத்துணவுக்குக் கொண்டுவருவதே போதும். நிலக்கடலை, முந்திரி, பால் என்று எதுவாவது உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் 10ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியையிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்த பலகாரத்தைப் பள்ளி முழுவதற்கும் கொடுத்து அனுப்ப ஆசைப்படும் அம்மாக்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் அன்பு தெரியும், ஆனால் இந்த முறை வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். நம் பள்ளியில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இந்த விழாவில் ஜெபமோ வழிபாடோ இல்லை. குடில் நாடகத்தில் நடிக்கவோ பாடவோ எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்த மாட்டோம். உங்களுக்கு மனமில்லை என்றால் வகுப்பாசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கும் செடி அளக்க, கணக்குப் பார்க்க, நட்சத்திரம் கட்ட வேலை இருக்கும், அதே சுண்டலும் இருக்கும். போன வருடம் நாடக ஒத்திகையில் மரியாள் கதையைச் சொன்னபோது, ‘எங்க வீட்டில் மர்யம் என்று சொல்வோம்’ என்று ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் பெயரே அதுதான் என்று அவள் அப்பா மறுநாள் வந்து எங்களுக்கு விளக்கினார். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் இதே முறையில்தான் நடத்துவோம்.

சிவப்புத் தாத்தா உடை வாங்க வேண்டாம். பஞ்சுத் தாடி வைத்த ஒருவர் திடீரென்று உள்ளே வந்ததும் போன வருடம் ஒன்றாம் வகுப்பில் ஆறு பிள்ளைகள் அலறி அழுதார்கள். இந்த முறை தாத்தா கிடையாது. வீட்டில் இருக்கிற எந்தக் கலர் டிரஸ்ஸும் சரி, யூனிபார்மும் சரி.

மழை பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த வருடம் விழா நடக்கவில்லை. இந்த முறையும் மழை பலத்தால் விழாவைப் பள்ளி திறக்கும் நாளுக்குத் தள்ளிவைப்போம், அட்டைகளும் நட்சத்திரங்களும் மேல்மாடி அறையில் பத்திரமாக இருக்கும். மழையில் பிள்ளையை எப்படியாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று யாரும் சிரமப்பட வேண்டாம்.

உதவி செய்ய விரும்புகிறவர்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஓலை முடையத் தெரிந்த பாட்டி, தாத்தா யாராவது 15ஆம் தேதிக்கு மேல் ஒரு மணி நேரம் வந்து ஐந்தாம் வகுப்புக்குக் குருத்தோலையில் பறவையும் கிலுகிலுப்பையும் செய்யக் கற்றுக்கொடுத்தால் பெரிய உதவி. எங்கள் ஆசிரியைகளில் யாருக்கும் அது தெரியாது. அப்புறம், இரண்டாம் வகுப்புக்கு இன்னும் பதினோரு சிரட்டை குறைகிறது. துருவி முடித்ததை உடைக்காமல், நார் உரித்து, பிள்ளையின் பையிலேயே போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை