நடு ஆசியத் தலைவர்களுக்கு: தண்ணீரையும் எரிபொருளையும் ஒரே கணக்கில் எழுதுங்கள்

கசகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் நாடுகளின் தலைவர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் எந்த நாட்டின் குடிமகனும் அல்ல. பள்ளிக்கூட அட்லஸில் ஆரல் கடலைப் பார்த்து, ‘உலகின் நான்காவது பெரிய ஏரி’ என்று மனப்பாடம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவன். 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த ஏரி அது. பருத்தி வயல்களுக்காக, அதற்கு நீர் கொண்டுவந்த ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பிவிட்டதில் அதன் பெரும்பகுதி உப்புத் தரையாகிவிட்டது. ஒரு காலத்தில் ஏரிக்கரைத் துறைமுகமாக இருந்த முய்னாக்கில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து உங்கள் ஆறுகளைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் யாருக்கும் பெருங்கடல் வாசல் கிடையாது. உஸ்பெகிஸ்தானைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும்கூடக் கிடையாது. இந்த இரண்டு ஆறுகளும் பெருங்கடலை எட்டுவதில்லை. ஆகவே, ‘மிச்ச நீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று இவற்றைப் பற்றிச் சொல்ல வழியே இல்லை. ஆறு முடிகிற இடம் அந்த ஏரிதான். அங்கே போய்ச் சேராத ஒவ்வொரு சொட்டையும் வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள், அல்லது அது ஆவியாகியிருக்கிறது.

இயற்கை உங்களுக்குப் பங்கு பிரித்த விதத்தையும் பாருங்கள். பனிமலைகளும் ஆற்றின் தலைப்பும் கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் போயின. எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் கீழே உள்ள மூவருக்குப் போயின. மேலே இருப்பவருக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் வேண்டும். கீழே இருப்பவருக்குக் கோடையில் பாசன நீர் வேண்டும். சண்டை முழுக்க இந்த ஆறு மாத இடைவெளியில்தான் இருக்கிறது.

கிர்கிஸ்தானில், சிர் தாரியாவின் தலைப்பாறுகளில் ஒன்றான நாரின் ஆற்றின் டொக்டொகுல் அணையை எடுத்துக்கொள்வோம். 1,950 கோடி கன மீட்டர் கொள்ளும் நீர்த்தேக்கம். சோவியத் காலத்தில் கோடையில் அங்கிருந்து பருத்திக்குத் தண்ணீர் இறங்கியது. பதிலுக்குக் கீழிருந்து நிலக்கரியும் எரிவாயுவும் மேலே வந்தன. 1991க்குப் பிறகு எரிபொருளுக்குச் சந்தை விலை வந்தது, தண்ணீருக்கு வரவில்லை. குளிரில் நடுங்கும் வீடுகளை வைத்துக்கொண்டு கிர்கிஸ்தான் என்ன செய்யும்? குளிர்காலத்திலேயே மதகைத் திறந்து மின்சாரம் எடுத்தது. உறைந்து கிடந்த சிர் தாரியாவால் அவ்வளவு நீரைத் தாங்க முடியவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து அதை உஸ்பெகிஸ்தானின் அர்னசாய் பள்ளத்தில் திருப்பிவிட, அங்கே ஐதர்குல் ஏரி பெருத்தது. ஆரல் மட்டும் காய்ந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லாமலேயே இவ்வளவும் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

1998இல் இந்தப் பண்டமாற்றைத் திரும்பக் கொண்டுவர உங்களில் சிலர் ஓர் ஒப்பந்தம் போட்டீர்கள். அது நிலைக்கவில்லை. மழை வருடத்தில் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் வேண்டாம், அதனால் எரிபொருளும் அனுப்பமாட்டார். அணையில் நீரைத் தேக்கி வைப்பதே ஒரு சேவை, அதற்கும் விலை உண்டு என்பதை வருடாவருடம் பேரம் பேசித் தீர்க்க முடியாது.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. டொக்டொகுலுக்கு மேலே கம்பராட்டா-1 அணையைக் கட்ட கிர்கிஸ்தான், கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றும் 2023இல் கைகோத்தன. சரி, மிக நல்லது. ஆனால் பணப் பங்கையும் மின்சாரப் பங்கையும் மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எந்த மாதம் எவ்வளவு நீர் இறங்கும், அதற்கு ஈடாகக் குளிர்காலத்தில் என்ன வரும், மழை வருடத்தில் தேக்கி வைப்பதற்கு என்ன கூலி என்பதையும் அதே ஏட்டில் பல வருடங்களுக்குச் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், அந்த ஏட்டில் ஆரலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 2005இல் கசகஸ்தான் கோக்-ஆரல் தடுப்பணையைக் கட்டி முடித்ததும், வற்றிப் பிரிந்த ஆரலின் வடதுண்டான வட ஆரலில் நீர் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது, மீனவர்கள் வலையோடு திரும்பினார்கள். அந்தச் சின்ன ஏரிக்கு நீர் கொண்டுவருவது சிர் தாரியாதான். மாதக் கணக்கில் அதன் பங்கு பயிருக்குப் பிறகு மிஞ்சுவதாக இருக்கக் கூடாது. முதலிலேயே எடுத்து வைத்ததாக இருக்க வேண்டும்.