திருப்பூரிலிருந்து ஒரு பதில்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. காலாண்டுத் தேர்வு நேரம், உட்கார்ந்து எழுத முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி குறைந்தவுடன் பிசியோதெரபியை விட்டுவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள். சின்னவள் பிளஸ் ஒன்னில் வரலாறு எடுத்திருப்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் சொல்லியும் நீ அவளைத் தடுக்கவில்லை என்பதில் இன்னும் சந்தோஷம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "ஆஸ்பத்திரியில் எனக்காவது அடுத்த படி என்று ஒன்று இருக்கிறது. நீ இத்தனை வருஷமாக அதே நடுநிலைப் பள்ளியில் இருக்கிறாயே, தொழிலில் வளர்கிற மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது.

பதவியில் இல்லை. பள்ளியில் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர் எல்லோருக்கும் பணியிடம் உண்டு, எனக்குக் கிடையாது. நான் ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிக்கு அனுப்பிய சமூகப் பணியாளர். நிதி வந்தால் அடுத்த வருஷமும் இருப்பேன். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சமூகப் பணி முதுகலையில் (எம்.எஸ்.டபிள்யூ.) படித்தோமே, 1906-07இலேயே நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் நிலைமையைப் பார்த்துப் பள்ளிக்குச் சொல்ல ஆள் வைத்தார்கள் என்று. நூறு வருஷம் தாண்டிவிட்டது. பாதிப் பெற்றோர் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற இந்த ஊரில், பிள்ளையின் வீட்டுக்குப் போய்வர ஒருவர் பள்ளியில் நிரந்தரமாக இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் வேலை தெரிந்த ஆளாக நான் வளர்ந்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பெரிய காரணம் எங்கள் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் என்னைப் போல வேலை செய்கிற சிலர் சேர்ந்து உட்காருகிறோம். ஒருவர் தன் கேஸ் நோட்ஸைப் பெயர், அடையாளம் எல்லாம் எடுத்துவிட்டு வாசிப்பார். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், அறிவுரை சொல்லக்கூடாது. படிக்கும்போது களப்பணி அறிக்கையைத் திருத்தப் பேராசிரியர் இருந்தார். வேலைக்கு வந்த பிறகு நாம் எழுதுவதை யார் படிக்கிறார்கள்? மேலிடத்துக்கு எத்தனை ஹோம் விசிட், எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண், கெட்டிக்காரி. நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வரமாட்டாள், அப்புறம் மூன்று வாரம் ஒழுங்காக வருவாள், மறுபடியும் காணாமல் போவாள். காய்ச்சல் என்பாள், ஊருக்குப் போனோம் என்பாள். வகுப்பாசிரியைக்கு அலுத்துவிட்டது. கூட்டத்தில் இதை வாசித்தபோது ஒருவர், "வராத நாட்களில் அந்தம்மாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். என் குறிப்பில் அம்மாவைப் பற்றி 'பனியன் கம்பெனியில் செக்கிங்' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் வராத தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். சனிக்கிழமை சம்பளம் போடுவார்கள், ஞாயிறுதான் வீட்டில் ஆள் இருக்கும். காம்பவுண்டு வீடு, வரிசையாகப் பத்துக் கதவு, ஒரே குழாய். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். திண்ணையில் பெரிய பாலித்தீன் மூட்டை, பக்கத்தில் அந்தப் பெண் மடியில் டி-சர்ட்டை வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது, கத்தரி நிற்கவில்லை. தையல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, நூல் தட்டுப்படும் இடத்தில் கண்ணால் பார்க்காமலே வெட்டுகிறாள். காலுக்கு நடுவில் இரண்டரை வயசுத் தம்பி.

தாளைக் காட்டினேன். அம்மா தேதிகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஷிப்மெண்டுங்க டீச்சர்" என்றார். சரக்கு அனுப்புகிற வாரத்தில் ராத்திரி வரைக்கும் நிற்கவேண்டும். "சின்னவன யாருட்ட உட்டுட்டுப் போறதுங்க?" அவ்வளவுதான் விஷயம். பிள்ளையைப் படிக்கவைக்க விருப்பமில்லாத வீடு அல்ல அது. அப்பா இல்லை, பாட்டி ஊரில்.

அங்கன்வாடியில் தம்பியைச் சேர்க்க எச்.எம். பேசினார். அங்கன்வாடி சாயங்காலம் மூடிவிடும், ஷிப்மெண்ட் வாரத்துக்கு அது போதாது. அதே காம்பவுண்டில் ஒரு அம்மா இரவு வரை பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அவரை ஏற்பாடு செய்தது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு பெற்றோர். நம் ஊரில் அந்தக் குழுவை வெறும் கையெழுத்துக்கு என்று நினைக்கிறார்கள். அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். எந்த வீட்டில் யார் பொறுப்பானவர் என்று அவர்களுக்குத் தெரிகிற மாதிரி எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பெண் இப்போது பெரும்பாலும் வருகிறாள். பிசிறு மட்டும் நிற்கவில்லை. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் இடம் கொடுக்கிறது. கம்பெனித் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டில் போட்டால் அது குடும்பத் தொழில் ஆகிவிடுமா? எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த அம்மாவிடம் சட்டம் பேசி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கத்தரி கிடையாது என்று மட்டும் பேசி முடித்திருக்கிறோம்.

இன்னொன்று உன்னிடம் சொல்லவேண்டும், மனசு ஆறவில்லை. 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம். ஆனால் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். எங்களுடையது எட்டு வரை உள்ள பள்ளி. போன வருஷம் வரை உப்புமா சாப்பிட்ட பையன் ஆறாம் வகுப்புக்கு வந்ததும், தங்கை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிறான். இரண்டாவது பீரியடில் தலைவலி என்று என் அறைக்கு வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதைத்தான். மனநலம், நடத்தைப் பிரச்சினை எல்லாம் அப்புறம். எட்டாவது வரைக்கும் கொடுக்கவேண்டும் என்று கிடைக்கிற ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எட்டாவது முடிந்தால் டி.சி. கையில் வந்துவிடும், அங்கேதான் எங்களுக்குப் பெரிய ஓட்டை. கல்வி உரிமைச் சட்டமும் 14 வயசோடு நிற்கிறது. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி, இன்னொரு பஸ். மே மாதம் கம்பெனியில் கைமடிக்கு, அதாவது டெய்லருக்கு உதவியாளாகப் போன பையன் ஜூனில் திரும்புவதில்லை. எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில், டி.சி. வாங்கி இன்னும் எந்தப் பள்ளியிலும் சேராதவர்களுக்கான காமன் பூலில் கிடக்கும் பெயர்களை எடுத்துவைத்துக்கொண்டு ஜூன் முழுக்க அலைகிறேன். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே, ஜனவரியிலேயே, பிள்ளைகளை அந்த உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டிவிடுகிறோம். பழகிய இடத்துக்குப் போகப் பிள்ளைகள் பயப்படுவதில்லை.

நீ ஆஸ்பத்திரியில் ரகசியம் காப்பது பற்றி எழுதியிருந்தாய். இங்கே அது இன்னும் சிக்கல். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று ஆரம்பிக்கிற பிள்ளைக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. 2012 போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். "உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவர்களிடம் சொல்லவேண்டி வரும். யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உனக்குத்தான் சொல்வேன்" என்பேன். சில பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடும். போகிற பிள்ளையிடம் குழந்தைகள் உதவி எண் 1098ஐ எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேறு சாக்கில் வகுப்புக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். பேசாமல் இருக்க விட்டுப் பொறுத்திருப்பதற்குத்தான் எனக்கு அதிக வருஷம் பிடித்தது. படிப்பில் இதைச் சொல்லித்தரத்தான் செய்தார்கள். எதிரில் ஒரு குழந்தை வாயடைத்து உட்கார்ந்திருக்கும்போது அதைச் செய்வது வேறு.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். உங்கள் வார்டில் சமூகப் பணியாளர்கள் எழுதுகிற கேஸ் ஷீட்டின் காலிப் படிவம் ஒன்று அனுப்பு. குடும்பத்தின் வேலை நேரத்துக்கு அதில் தனிக் கட்டம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் படிவத்தில் இல்லை, புதிதாக ஒன்று தயாரிக்கிறோம். முடிந்தால் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமைக்கே கிளம்பி வா. உன் கேஸ் ஒன்றை வாசி, நாங்கள் கேள்வி கேட்கிறோம். ராத்திரி இங்கேயே தங்கிவிடலாம். அம்மாவுக்குத் துணைக்கு அண்ணி இருப்பாள் அல்லவா? கேட்டுவிட்டுச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி