தூரிகையை அவர் கையில் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் பொதுப் பட்டறைகளில் தஞ்சை ஓவியம் நன்றாகவே செய்வார்கள். பயிற்றுவிப்போர் அவசரப்படக் கூடாது. துணி ஒட்டுதல், கல் பதித்தல், மக்கு (புடைப்பு தரும் பசை) வைத்தல், தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுதல் என ஒரு வேளைக்கு ஒரு வேலை போதும். செய்து முடித்த மாதிரிப் படம் ஒன்று கண்ணெதிரே இருக்கட்டும். சாக்பவுடரும் கோந்தும் குழைத்த மக்கைத் தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு வெடிக்கும். ஐப்பசி மழையில் காய இன்னும் நாளாகும். மெல்லிசாகப் பூசி, காய்ந்தபின் அடுத்த பூச்சு.

கோடு கோணியதும் உதவியாளர் தூரிகையை வாங்கித் திருத்திவிடுவதுதான் எங்கள் பெருங்கவலை. அந்தக் கோடு வரைந்த கலைஞருடையது! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 29, இக்கலைஞர்களுக்கு ஆதரவளிக்கச் சொல்கிறது. படத்தில் அவர் பெயர் இருக்கவும், விற்ற பணம் அவர் வங்கிக் கணக்கில் சேரவும் மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

– ஓவியப் பயிற்றுநர்கள், தஞ்சாவூர்